சாமான் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை
(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவையும் இடையில் வரும். ஆனால் இன்று நாங்கள் சொல்ல வந்தது ஒரு குடும்பச் சுற்றுலாவின் கதை. "நாங்கள்" என்பது மூன்று சகோதரிகள். மூவருமே இந்தக் கல்லூரியில், வெவ்வேறு ஆண்டுகளில், ஒரே விடுதியில் இருந்து படித்தவர்கள். பேசுவது கடைசியாள் என்றாலும் கதை மூவருக்கும் சொந்தம். ஆகவே "நாங்கள்" என்றே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஊர் விசுவமடு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், தருமபுரம் தாண்டினால் வரும் ஊர். 1970களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் அப்பாவுக்கு அங்கே காணி கிடைத்தது. வெளிநாட்டு மிளகாய் வராமல் நின்ற காலம் அது. செத்தல் மிளகாய் விற்ற காசில் கல்வீடு கட்டிய ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அந்த மிளகாய்க் காசில்தான் மூன்று பெண் பிள்ளைகளை அப்பா யாழ்ப்பாணத்து விடுதிக்கு அனுப்பினார். பெரியக்கா படித்து முடித்துத் திருமணமாகி சுவிற்சர்லாந்து போனார். சின்னக்கா ஊருக்குத் திரும்பி ஆசிரியையானார். கடைசியாள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது 1995 ஒக்ரோபர் 30 வந்தது. அந்த இரவில் இந்தக் கல்லூரிப் படலையைத் தாண்டிய பலர் இங்கே இருக்கிறீர்கள். அதை நாங்கள் விவரிக்கத் தேவையில்லை.

2009 தை மாதத்தில் விசுவமடுவும் வெறுமையாகியது. சின்னக்கா அம்மாவோடு கிழக்கே நடந்தார். அடுத்த மாதம் ஒரு ஷெல் துண்டு அவருடைய இடக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, பதிவுக்கு வரிசை. நடக்கக்கூடிய எல்லோரும் வரிசைக்குப் போவார்கள். சின்னக்கா கூடாரத்தில் இருந்து சாமான் பார்ப்பார். அன்றைக்கு அது தேவையான வேலை. யாராவது ஒருவர் பார்க்கத்தானே வேண்டும். ஆனால் முகாம் முடிந்த பிறகும் அந்த வேலை அவரை விட்டுப் போகவில்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனால் சின்னக்கா செருப்புப் பார்ப்பார். நாயாற்றுக் கடலுக்குப் போனால் துவாய் பார்ப்பார். ஒருவரும் அவரை அப்படி இருக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் பெரியக்கா ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "அம்மாவுக்கு 74 ஆகுது. ஒருக்கா எல்லாரும் இங்க வாங்கோ. பிள்ளையளுக்குப் பனி காட்டுவம்." மூன்று சகோதரிகளும் அம்மாவும் ஒரு கூரையின் கீழ் ஒரு கிழமை சேர்ந்திருந்து இருபது ஆண்டுக்கு மேலாகியிருந்தது. பெரியக்காவும் அத்தானும் இதற்கென்று காசு சேர்த்திருந்தார்கள். அத்தான் 27 வருடமாக உணவகக் குசினியில் நிற்பவர். அந்த நாட்டில் அத்தனை காலம் இருந்தும் இருவரும் ஒரு தடவையாவது பனிச்சறுக்குப் பலகையில் ஏறியதில்லை. அகதியாகப் போன முதல் தலைமுறைக்கு அது வெள்ளைக்காரரின் விளையாட்டு, காசுள்ளவரின் விளையாட்டு. ஆனால் பிள்ளைகள் பாடசாலைப் பனிச்சறுக்கு முகாம்களில் பழகிவிட்டார்கள். பெரியக்காவின் மகனுக்கு 19. ஒற்றைப் பலகையில் நின்று கறுப்புத் தடங்களில் இறங்குவார். மகளுக்கு 12. இரண்டு பலகையில் நன்றாகச் சறுக்குவாள்.

போகப் போகிறவர்களின் கணக்கைச் சொல்கிறோம். அம்மா: 74 வயது, நீரிழிவு, பிரஷர், முழங்கால் தேய்வு. பெரியக்கா குடும்பம் நான்கு பேர். சின்னக்காவும் பத்து வயது மகனும். சின்னக்காவின் அத்தான் காலபோக நெல்லோடும் மாட்டோடும் நின்றுவிட்டார். கடைசியாளின் குடும்பம் மூன்று பேர்: உயரம் என்றால் கண்ணை மூடும் கணவர், ஆறு வயது மகள், வைத்தியர். ஆகப் பத்துப் பேர். இந்தப் பத்துப் பேருக்கும் பொருந்தும் ஒரு பனிமலையை எப்படித் தெரிவு செய்வது?

முதலில் பிழையாகத்தான் தெரிவு செய்தோம்.

பெரியக்காவின் மகன் செர்மாட் என்றார். மாட்டர்ஹோர்ன் சிகரம் தெரியும் ஊர். பெயர் பெற்ற இடம். கம்பிவட வண்டி 3,883 மீற்றர் வரை போகும். அத்தான் டிட்லிஸ் என்றார். சுழலும் வண்டியில் 3,020 மீற்றர் நிலையம் வரை ஏறலாம். ஊரிலிருந்து வரும் உறவினரை எங்கள் ஆட்கள் வழமையாகக் கூட்டிப் போய்ப் படம் எடுப்பது அங்கேதான். கடைசியாளின் கணவர் யுங்ஃப்ராவ்யோக் என்றார். 1912இல் மலையைக் குடைந்து போட்ட பாதையில் ரயில் 3,454 மீற்றரில் போய் நிற்கிறது. ரயில் என்பதால் அவருக்குப் பயமில்லை.

இந்த இடத்தில் கடைசியாளின் வைத்திய மூளை விழித்தது. 3,454 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசனும் அதே அளவு குறையும். தாழ்வான வன்னி நிலத்தில் வாழ்ந்த, பிரஷர் உள்ள ஒரு மூதாட்டியை ஒரே காலையில் அந்த உயரத்துக்கு ஏற்றுவது நல்ல யோசனை அல்ல. அதுவரை சரி. ஆனால் அதோடு நில்லாமல் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு பட்டியலும் போட்டோம். "அம்மாவும் சின்னக்காவும் கீழே ஹோட்டலில் இருக்கலாம். ஜன்னலால் பனி தெரியும். சூடாக இருக்கும். மற்றவர்கள் போய் வரலாம்." அதைப் பொறுப்பான, அன்பான ஏற்பாடு என்றே நினைத்தோம்.

இரண்டு நாளாகச் சின்னக்கா பதில் போடவில்லை. மூன்றாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது. அதை அப்படியே சொல்கிறோம்:

"பதினைஞ்சு வருஷமா சாமான் பார்த்தனான். சுவிசுக்கும் வந்து சாமான் பார்க்கவோ? எனக்கு எது ஏலாது எண்டு நீங்கள் முடிவெடுக்க முதல், எனக்கு எது விருப்பம் எண்டு ஒருத்தராவது கேட்டனீங்களோ?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஒரு நாளில் பல நோயாளரைப் பார்த்து, எழுந்து நட, படி ஏறு என்று சொல்லும் வைத்தியர் சொந்த அக்காவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

அதன் பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். இடத்தின் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று விதி வைத்தோம். பத்துப் பேரிடமும், ஆறு வயதுக்காரி உட்பட, மூன்று கேள்விகள் கேட்டோம். அங்கே ஒரு நாளில் என்ன செய்ய விருப்பம்? எதற்குப் பயம்? களைத்துவிட்டால் எப்படித் திரும்பி வர விருப்பம்? "என்ன ஏலாது" என்ற கேள்வியை வேண்டுமென்றே விட்டுவிட்டோம்.

வந்த பதில்கள் எங்களைத் திகைக்க வைத்தன. அம்மாவுக்குச் சிகரம் வேண்டாம். பனியைக் கையில் அள்ள வேண்டும், பேரப்பிள்ளைகள் சறுக்கி வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அத்தானுக்கு நித்திரை கொள்ள வேண்டும். ஒரு கிழமை ஒருவரும் எழுப்பக்கூடாது. பெரியக்காவின் மகன் மனம் விட்டுச் சொன்னார்: "எனக்கு உண்மையான மலை வேணும். சின்னப் பிள்ளையளின்ர சரிவில நாள் முழுக்க நிக்கச் சொன்னால் நான் வரேல்லை." அவருடைய பதிலும் நியாயமானது. இயலாதவருக்காக இயன்றவரைக் கட்டி வைப்பதும் ஒருவித அநீதிதான். பெரியக்காவின் பதில்தான் கடைசியாக வந்தது. "இவ்வளவு காலம் இருந்திட்டன். ஒருக்கா நானும் பழகிப் பார்க்க வேணும்" என்றார், வெட்கத்தோடு. சின்னக்கா ஒரே வரியில் எழுதினார்: "ஒருக்காவெண்டாலும் வேகமாப் போக வேணும்."

இந்தப் பதில்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடம் தேடினோம். நாங்கள் பார்த்த விடயங்களை வரிசையாகச் சொல்கிறோம். நாளை உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, படுக்கும் உயரம். உயரத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு இறங்குவது வேறு, அங்கே நித்திரை கொள்வது வேறு. இரவைத் தாழ்வில் கழிப்பது வயதானவர்களுக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, சறுக்குபவரும் சறுக்காதவரும் மலையிலேயே சந்திக்கக்கூடிய ஒரு புள்ளி. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று இப்போது சொல்வோம். பல இடங்களில் சறுக்குபவர்கள் கதிரை வண்டியில் மேலே போய்விடுவார்கள். மற்றவர்கள் அடிவாரத்துக் கோப்பிக் கடையில் இருந்து பின்னேரம் வரை காத்திருப்பார்கள். குடும்பம் காலையில் பிரிந்தால் இரவில்தான் சேரும்.

மூன்றாவது, தொடக்கநிலைச் சரிவு வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதா என்பது. பனிச்சறுக்குச் சப்பாத்து கல்லுப்போல் கனமானது. அதைப் போட்டுக்கொண்டு, பலகையையும் சுமந்துகொண்டு, ஆறு வயதுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அரை மணி நடந்தால் பழக முதலே அன்றைய நாள் முடிந்துவிடும்.

நான்காவது, தடங்களின் நிறம். சுவிற்சர்லாந்தில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மூன்றும் ஒரே மலையில் இருக்க வேண்டும், மூன்றும் ஒரே புள்ளியில் வந்து முடிந்தால் இன்னும் நல்லது.

ஐந்தாவது, சறுக்காதவருக்குச் செய்ய என்ன இருக்கிறது என்பது. பார்க்க என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது. சமப்படுத்திய பனி நடைபாதை, சறுக்குவண்டிப் பாதை, ரயில் இவையெல்லாம் வேண்டும்.

ஆறாவது, களைத்தவர் இறங்கி வர வழி. ஏறிய வண்டியிலேயே இறங்க முடியுமா, சறுக்கித்தான் இறங்க வேண்டுமா?

ஏழாவது, படி இல்லாத வீடு, கிட்டத்தில் வைத்தியசாலை, சொந்தச் சமையல். பத்துப் பேர் கடையில் சாப்பிட்டால் அத்தானின் ஒரு மாதச் சம்பளம் இரண்டு நாளில் போய்விடும்.

இந்த அளவுகோல்களில் செர்மாட் உயரத்தாலும் விலையாலும் விழுந்தது. டிட்லிஸ் ஒருநாள் பயணத்துக்கு நல்லது. ஆனால் பத்துப் பேரும் ஒரு கிழமை இருக்க எங்களுக்குப் பொருந்தவில்லை. பெட்மெரால்ப் என்ற அழகான ஊரைப் பார்த்தோம். வாகனமே இல்லாத ஊர். அலெட்ச் பனியாறு பக்கத்தில். ஆனால் ஊரே 1,900 மீற்றருக்கு மேலே இருக்கிறது. வாகனம் இல்லாததால் தெருவெல்லாம் மிதித்து இறுகிய பனி. பிள்ளைகளுக்கு அது சொர்க்கம். பொய்க்காலுக்கு வழுக்குநிலம். கடைசியில் கிரின்டல்வால்ட் எஞ்சியது.

அதற்குக் காரணங்கள் இருந்தன. ஊர் 1,034 மீற்றரில், எங்கள் நுவரெலியாவை விடத் தாழ்வில் இருக்கிறது. இன்டர்லாக்கனிலிருந்து ரயில் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். வைத்தியசாலை இன்டர்லாக்கனில். தொடக்கநிலையாளரின் போட்மிச் சரிவு ஊருக்கு மேலேயே. எல்லாவற்றிலும் பெரிது கிளைனே ஷைடெக். அது 2,061 மீற்றரில், ஐகர் மலையின் காலடியில் உள்ள ஒரு ரயில் நிலையம். 1893இலிருந்து அங்கே பற்சக்கர ரயில் ஓடுகிறது. சறுக்குபவர்களின் தடங்களும் அங்கே வந்து சேர்கின்றன. ஆக, அம்மா ரயிலில் வந்து இறங்குவார், பேரன் மேலிருந்து சறுக்கி வந்து நிற்பான், இருவரும் ஒரே மேசையில் சூப் குடிப்பார்கள். 2,061 மீற்றர் என்பது ஹோட்டன் சமவெளி அளவு உயரம். அம்மா அங்கே போய்ச் சுகமாகத் திரும்பியவர். ஆகவே வைத்தியருக்கும் பயமில்லை.

குறையும் இருந்தது. தாழ்வான ஊர் என்றால் பனி குறையும் அபாயம். இப்போதெல்லாம் பருவம் பிந்துகிறது, புத்தாண்டிலும் மழை பெய்கிறது. போட்மியில் பனி இல்லாவிட்டால் பிள்ளைகளை ரயிலில் மேலே கொண்டுபோகலாம் என்று மாற்று வழியும் வைத்துக்கொண்டோம். கிறிஸ்மஸ் கிழமையில் வாடகை உச்சத்தில் நிற்கும். தை நடுப்பகுதியில் லவுபர்ஹோர்ன் ஓட்டப் போட்டிக்கு உலகமே அங்கே திரண்டுவிடும். இரண்டுக்கும் இடையில், பிள்ளைகளின் விடுமுறை முடிய முன் வரும் தை முதல் கிழமையைப் பிடித்தோம். செங்கன் விசாவுக்கு ஆகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஆனால் பல காப்புறுதிகள் பனிச்சறுக்கு விபத்துகளை உள்ளடக்குவதில்லை. சிறிய எழுத்தை வாசித்து, அதை உள்ளடக்கியதையே எடுத்தோம். இதை நீங்களும் மறக்க வேண்டாம்.

இனி வைத்தியப் பேச்சு கொஞ்சம். நீண்டகால நீரிழிவு உள்ளவரின் பாதத்துக்கு உணர்ச்சி குறைந்திருக்கும். குளிர் கடிப்பது தெரியாது. அம்மாவின் காலை ஒவ்வொரு இரவும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். இன்சுலின் உறைந்தால் உதவாது. உறைந்து இளகியதையும் பாவிக்கக்கூடாது. அதைக் கைப்பையில் அல்ல, உள்ளாடைக்கு மேலே உடல் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிரில் சீனி பார்க்கும் கருவியும் பிழை காட்டும். எங்களுடையது காட்டியது. உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிய பிறகே ஒழுங்காக வேலை செய்தது. புதிய பனி சூரியனின் புறஊதாக் கதிர்களில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். குளிர்கிறதே என்று கறுப்புக் கண்ணாடியை விடக்கூடாது. குளிரிலும் உழைப்பிலும் வெட்டப்பட்ட காலின் அளவு மாறும், பொய்க்காலின் கிண்ணம் இறுகும் அல்லது தளரும். சின்னக்கா மேலதிக உறைகள் கொண்டுவந்தார். மத்தியானம் ஒருமுறை கழற்றித் துடைத்து உலர்த்திப் போட்டார். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில் அவருக்கு எல்லாவற்றையும் பழக்கியிருந்தார்கள். எங்களுக்கு அவர்தான் பாடம் எடுத்தார்.

போய்ச் சேர்ந்த முதல் நாள் அம்மா பனியை அள்ளி, விரலால் நசித்துப் பார்த்து, "ஆனையிறவு உப்பு மாதிரி இருக்கு" என்றார். பிறகு நாக்கிலும் வைத்துப் பார்த்தார். உப்பளத்தைத் தாண்டித் தாண்டியே வாழ்ந்த மனிசிக்கு வெள்ளையாகக் குவிந்த எதுவும் உப்புத்தான்.

போட்மியில் பெரியக்கா, கடைசியாள், அவர் கணவர், சின்னவர்கள் இருவர், எல்லோரும் ஒரே வகுப்பு. நகரும் பட்டியில் நின்று மேலே போவது, கால்களை ஆப்பு வடிவில் விரித்து இறங்குவது. சின்னக்காவின் மகன் இரண்டாம் நாளே தானாக நின்றான். ஊர்க் குளக்கட்டில் சறுக்கிப் பழகிய பிள்ளை. உயரத்துக்குப் பயந்த கணவர் தட்டையான இடத்தில் மகிழ்ச்சியாக இருந்தார். பெரியக்கா விழுந்து விழுந்து சிரித்தார். 53 வயதில் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்டது விடுதிக் காலத்துக்குப் பிறகு அன்றுதான். கடைசியாள் விழுந்தபோது தடி கையில் மாட்டிப் பெருவிரல் மூட்டு வீங்கியது. சறுக்குபவரின் பெருவிரல் என்று பாடப்புத்தகத்தில் படித்ததைச் சொந்தக் கையில் பார்த்தோம். எல்லோருக்கும் அறிவுரை சொன்னவர்தான் கட்டோடு திரிந்தார். பின்னேரம் களைத்த பிறகு "இன்னும் ஒருக்கா" என்று போனதன் பலன் அது. களைப்பு வந்ததும் நிறுத்துங்கள் என்பதே எங்கள் மருத்துவ ஆலோசனை.

சின்னக்காவுக்கு மாற்று வழிகள் பல இருப்பதை முன்பே அறிந்திருந்தோம். இரண்டாம் உலகப் போரில் கால் இழந்த ஆஸ்திரிய, ஜெர்மானிய ஆட்கள் ஒற்றைப் பலகையோடும் இரு ஊன்றுகோலோடும் சறுக்கத் தொடங்கியதில் வளர்ந்த கலை அது. 1976இல் சுவீடனில் முதலாவது குளிர்கால பராலிம்பிக் நடந்தது. இருந்து சறுக்கும் கதிரையும் உண்டு. பின்னால் பயிற்சி பெற்றவர் பிடித்து வருவார். முன்கூட்டியே கேட்டால் ஒழுங்கு செய்யும் பனிச்சறுக்குப் பள்ளிகள் உண்டு. நாங்கள் கதிரையைப் பற்றிச் சொன்னதும் சின்னக்கா, "ஆரும் பின்னால பிடிக்க வேண்டாம். நானாப் போறது ஏதும் இருக்கோ?" என்றார்.

இருந்தது. கிரின்டல்வால்டில் வெலோகேமெல் என்று ஒரு பொருள் உண்டு. வெலோ என்றால் சைக்கிள், கேமெல் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் சறுக்குவண்டி. பெரும்பாலும் மரம். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குக் கட்டைகள். ஆசனமும் பிடியும் சைக்கிள் போலவே. மிதி இல்லை, பிரேக் இல்லை, கால்களைப் பனியில் ஊன்றித்தான் நிறுத்த வேண்டும். 1911இல் கிறிஸ்டியான் ப்யூல்மன் என்ற உள்ளூர்க்காரர் செய்தது. அவர் நடக்கச் சிரமப்பட்டவர், பனிக்காலத்தில் ஊருக்குள் போய்வரத் தனக்காகவே அதைச் செய்துகொண்டார். இதைக் கேட்டதும் சின்னக்கா கடைசியாளைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பார்வையே போதும்.

விசுவமடுவிலிருந்து உடையார்கட்டுக்குப் பொய்க்காலோடு சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறவருக்கு இதைப் பழக்க யார் வேண்டும்? முதல் நாள் தட்டையான பாதையில் உருட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் சிறு சரிவு. ஒரு வளைவில் பனிமேட்டில் ஏறிப் புரண்டார். பொய்க்கால் பக்கவாட்டாகத் திரும்பி நின்றது. வைத்தியர் பதறி ஓடினார். சின்னக்கா பனியில் இருந்தபடியே காலைத் திருப்பி, பட்டியை இறுக்கி, "உன்ர விரலைப் பார்" என்றார். மூன்றாம் நாள் சறுக்குவண்டிப் பாதையின் கீழ்ப்பகுதியில், பெரியக்காவின் மகள் முன்னாலும் தன் மகன் பின்னாலும் வர, அவர் இறங்கி வந்தார். கழுத்துத்துணி பின்னால் பறந்தது. "வேகமாப் போக வேணும்" என்று எழுதியவர் எங்களைக் கடந்து போனபோது முகத்தில் பயமும் இருந்தது, சந்தோசமும் இருந்தது. நாங்கள் கை தட்ட மறந்து நின்றோம்.

கடைசி நாளுக்கு முதல்நாள் மத்தியானம் 12:30க்கு, திட்டமிட்டபடி கிளைனே ஷைடெக்கில் பத்துப் பேரும் சேர்ந்தோம். பெரியக்காவின் மகன் காலை முழுவதும் கறுப்புத் தடங்களில் இறங்கிவிட்டு வந்து அம்மம்மாவின் முன்னால் பனி தெறிக்க நின்றார். எழுப்பாமல் விட்ட அத்தானும் தானாகவே எழும்பி ரயிலில் வந்துவிட்டார். காலையில் அவித்த புட்டும் சம்பலும் பெட்டியில். ஐகர் மலையைப் பார்த்தபடி வெளியே வாங்கில் இருந்து சாப்பிட்டோம். எழும்பிப் போகும்போதுதான் கவனித்தோம். பைகள், தடிகள், தொப்பிகள் எல்லாம் வாங்கிலேயே கிடந்தன. பத்துப் பேரும் பனியில் நின்றோம். சாமான் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. ஒன்றும் களவு போகவுமில்லை.

திரும்பும்போது ரயிலில் சின்னக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "முகாமில எனக்கு அந்த வேலையைத் தந்தது நீங்கள் இல்லை. ஆனால் அதை என்னட்டயிருந்து வாங்க இவ்வளவு காலம் எடுத்திட்டியள்" என்றார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் "சரி, விடு" என்று ஒரு தோடம்பழத்தை உரித்து மூன்றாகப் பிரித்தார்.

அன்பானவர்களே, உங்களில் பலருக்குச் சுவிஸ் மலை தேவைப்படாது. நுவரெலியாவாக இருக்கலாம், நிலாவெளிக் கடலாக இருக்கலாம், நல்லூர்த் திருவிழாவாக இருக்கலாம். எந்தக் குடும்பத்திலும் இப்போது முழங்கால் தேய்ந்தவர், கண் மங்கியவர், கால் இழந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், சத்தம் தாங்காத பிள்ளை என்று ஒருவராவது இருக்கிறார். வன்னியில் அது இன்னும் கூடுதல். இடத்தைத் தெரிவு செய்துவிட்டு அவரை எங்கே இருத்துவது என்று பார்ப்பதே எங்கள் வழக்கம். முதலில் அவரிடம் கேட்டுவிட்டு இடத்தைத் தெரிவு செய்து பாருங்கள். பலமுள்ளவரிடமும் கேளுங்கள். அவருக்கும் அவருடைய மலை வேண்டும். ஆனால் மத்தியானம் எல்லோரும் சேர ஒரு மேசை இருக்கட்டும்.

முடிக்க முன் ஒரு வேண்டுகோள். ஐந்து வருடத்துக்கு முன் இதே மண்டபத்தில் நடந்த ஒன்றுகூடலில் நீண்டகாலம் ஆசிரியப்பணி செய்த பழைய மாணவிகளை மேடைக்கு அழைத்துக் கௌரவித்தோம். சின்னக்காவின் பெயரும் வாசிக்கப்பட்டது. மேடைக்கு ஏழு படி, கைபிடி இல்லை. அவருக்குப் பதிலாகக் கடைசியாள் ஏறி வாங்கிவந்தார். அவர் பின்வரிசையில் இருந்து எங்கள் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அது எங்கள் ஒருவருக்கும் பிழையாகத் தெரியவில்லை.

நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டிருக்கிறது. பலகையில் பெயர் பொறிக்கலாம், சிலை வைக்கலாம். எங்கள் மூவரின் பங்காக, மேடைக்கு ஒரு சாய்வுப் பாதையும் இரு பக்கமும் கைபிடியும் கட்டித்தர அனுமதி கேட்டு அதிபரிடம் இன்று கடிதம் கொடுத்திருக்கிறோம். அடுத்த ஒன்றுகூடலில் தன் பெயரை வாசிக்கும் யாரும் தானே ஏறி வரட்டும். எங்கள் கைப்பைகள் கதிரையிலேயே கிடக்கட்டும். நம் கல்லூரியில் ஒன்றும் களவு போகாது.